மஞ்சள் கண்ணும் மறைந்த வலியும்

சென்ற இதழ் அன்பர்களின் கையை அடைந்த பத்து நாட்களுக்குள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை வெகுவாகக் கலக்கிவிட்டது. எழுதியவர் நம் சங்கக் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த அம்மையார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்; ஆகவே வெளியிடவில்லை. கடிதத்தின் சாரம் வருமாறு:

“எங்கள் எதிர்வீட்டில் இவ்வூர்க்காரர் குடும்பம் ஒன்று வசிக்கிறது. தங்கமான மனிதர்கள். அவர்களுடைய பெண்ணுக்கு எட்டு வயது. அந்தக் குழந்தையின் கண்கள் எப்பொழுது பார்த்தாலும் மஞ்சளாகவே இருக்கின்றன. மாதத்தில் நாலைந்து நாள் படுத்துக்கொண்டு விடுகிறாள். விசாரித்தால் ‘சிக்லிங்’ என்கிறார்கள். என் குழந்தைகள் அவளுடன் விளையாடுகிறார்கள். ஒரே தட்டில் தின்கிறார்கள். இது காமாலையைப் போல ஒட்டிக்கொள்ளுமோ? விலக்கினால் அவர்கள் மனம் புண்படும். விலக்காவிட்டால் என் மனம் ஆறாது. என்ன செய்யலாம்?”

ஒட்டாது அம்மா, ஒட்டவே ஒட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் பத்திரிகையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போகிறவர்களும் இந்த ஒரு செய்தியையாவது அறிந்துகொண்டு போக வேண்டும். தொடுவதால் வராது; எச்சிலால் வராது; தண்ணீராலும் காற்றாலும் வராது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் கருவிலேயே குழந்தையை வந்தடைவது இந்நோய். கண்ணில் தெரியும் மஞ்சளுக்கும், நாம் அஞ்சுகின்ற தொற்றுக் காமாலைக்கும் சம்பந்தமில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்கள் காலத்திற்கு முன்பே உடைந்துபோவதனால் உண்டாகும் மஞ்சள் அது.

கேள்விக்கு விடை இவ்வளவே. ஆயினும் இதோடு பேனாவை மூடிவைக்க நம் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அம்மையாராவது சந்தேகம் தோன்றியவுடன் கேட்டார். நாமோ ஒரு காலத்தில் எவரையும் கேளாமலே தீர்ப்பு எழுதினோம். அந்தக் கதையையும் இங்கே சொல்லிவிடுவதே முறை.

நாகபுரிக்கு நாம் வந்து சேர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அலுவலகத்தில் நம் மேஜைக்கு வந்து சேர்பவை தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளிகளின் விடுப்பு விண்ணப்பங்கள். காகிதத்தில் அவர்களுடைய பதவிக்கு இன்று வேறு பெயர் வழங்குகிறது. பேச்சில் இன்னமும் ‘கேங்மேன்’தான். அவர்களுள் ஒருவர் நம் குடியிருப்பிலேயே, நம் வீட்டிற்கு இரண்டு வாசல் தள்ளி இருந்தார். சந்திரபூர் மாவட்டத்துக்காரர். அதிகம் பேசாதவர். 2018ஆம் ஆண்டில் அவரிடமிருந்து பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. பதினொன்றிலும் ஒரே காரணம்: “மகனுக்கு உடல் வலி.”

உடல் வலி என்றால் என்ன? காய்ச்சலா, வாந்தியா, எலும்பு முறிவா? ஒன்றுமில்லை, வலி. மூன்று நாள் விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பும் அன்றே பையன் மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பான். சங்கராந்திக் காலத்தில் இவ்வூர் வானமே பட்டமாக இருக்கும் என்பதை அன்பர்கள் அறிவார்கள். முந்தாநாள் கதறியதாகச் சொல்லப்பட்ட பையன் இன்று நூலை இழுத்துக்கொண்டு நிற்பதை நம் கண்ணாலேயே கண்டோம். மறுநாள் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரித்தோம். “அப்பனுக்கு ஓய்வு வேண்டும்போதெல்லாம் மகனுக்கு வலி வருகிறது” என்று ஒருவர் சொன்னார். நாம் அதற்கு மேலும் ஒரு படி சென்று, அடுத்த விண்ணப்பத்தின் மீது “அடிக்கடி விடுப்பு எடுக்கும் வழக்கமுடையவர்” என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினோம். விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் வந்து நம் மேஜையின் முன் நின்று, “பாபுஜி, பையன் பொய் சொல்லவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அது டிசம்பர் மாதம். குளிர் காலத்தில் இரும்பு சுருங்குவதால் தண்டவாளம் விரிசல் விடக்கூடும். ஆகையால் இரவுகளில் கேங்மேன்கள் விளக்கும் கையுமாகப் பாதை நெடுக நடந்து பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். அவரை அந்த இரவு ரோந்துக்குப் போட்டிருந்தார்கள். விடுப்பு மறுக்கப்பட்ட மூன்றாம் இரவு, பன்னிரண்டு மணிக்கு மேல் நம் கதவு தட்டப்பட்டது. அவருடைய மனைவி நின்றார். “பாவுஜி, பையனைப் பாருங்கள்” என்றார்.

ஒன்பது வயதுப் பையன். சுவரோரமாகச் சுருண்டு கிடந்தான். தொடையிலும் இடுப்பிலும் வலி என்று தாயார் சொன்னார். கதறல் என்று நாம் நினைத்திருந்தோம், அவன் கதறவில்லை. கதறுவதற்குக்கூட உடம்பை அசைக்கப் பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தான். எங்கும் வீக்கமில்லை, காயமில்லை, சிராய்ப்புக்கூட இல்லை. தொடையில் நம் விரல் பட்டதும் அவன் முகம் போன போக்கை நாம் இன்றுவரை மறக்கவில்லை. நம் இல்லத்தரசி அவனைக் கம்பளியில் சுற்றினார். ஆட்டோரிக்‌ஷா ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றோம். வழியில் ஒவ்வொரு பள்ளத்திற்கும் பையன் “காகா, மெதுவாக” என்று நம் கையைப் பற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே முதலில் பார்த்த இளைஞர் பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒன்றும் காணவில்லையே, இந்த வயதுக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாமலிருக்க இப்படிச் செய்வதுண்டு” என்றார். அது நாம் எழுதிய குறிப்பின் மறுபதிப்பாக நம் காதில் விழுந்தது. அதை மறுத்துப் பேச நமக்கு என்ன தகுதி? வாய் மூடி நின்றோம். தாயார்தான் முந்தானையிலிருந்து ஒரு பழைய பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினார். அதற்குள் அங்கே வந்த டாக்டர் அம்மாள் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். பையனின் கன்னத்தைத் தொட்டு, “பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது, சொல் பார்ப்போம்” என்று கேட்டார். “எட்டு” என்றான் பையன். அந்த அம்மாள் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எட்டுக்கு என்ன மருந்து உண்டோ அந்த ஊசியைப் போடச் சொன்னார். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். விரல் நுனியில் கருவி வைத்து இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்தார்கள். நாலு மணிக்குப் பையன் உறங்கினான்.

விடியும் வரையில் அந்த டாக்டர் அம்மாள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வந்து நமக்கு விளக்கினார். அவர் சொன்னவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம். மெட்ரிகுலேஷன் வரையில் மட்டும் படித்தவர்கள் நாம். நமக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம்.

சிக்கிள் என்றால் கதிரறுக்கும் அரிவாள். தமிழில் அரிவாளணு நோய் என்று சொல்லலாம். நம் சிவப்பணுக்கள் வட்டமாக, நடுவில் குழிந்த அப்பளம்போல, வளைந்து கொடுக்கும் தன்மையுடன் இருக்கின்றன. அதனால்தான் தலைமயிரினும் மெல்லிய குழாய்களுக்குள்ளும் நுழைந்து செல்கின்றன. அணுவினுள் இருந்து பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருள், இந்நோயாளர்களுக்குச் சற்றே மாறுபட்டு அமைந்திருக்கிறது. பிராணவாயுவை இறக்கிவிட்டதும் அது ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீள்கிறது. அணுவும் வளைந்து விறைத்து அரிவாளின் வடிவம் கொள்கிறது. அவ்வாறான அணுக்கள் மெல்லிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட இடத்திற்கு அப்பால் எலும்பும் தசையும் பிராணவாயு இன்றித் தவிக்கின்றன. பையன் சொன்ன ‘எட்டு’ அந்தத் தவிப்பு. வெளியே காயம் எப்படித் தெரியும்? அடைப்பு நீங்கி இரத்தம் ஓடத் தொடங்கியதும் வலி தணிகிறது. குழந்தை எழுந்து விளையாடப் போகிறது. பட்டம் விட்டதற்குப் பொருள் அதுதான்.

மஞ்சள் கண்ணுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சாதாரணச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அரிவாளணு 10 முதல் 20 நாட்களில் உடைகிறது. உடைந்ததன் கழிவே கண்ணில் மஞ்சளாகத் தேங்குகிறது. உடைவதற்கு ஈடாக உடல் புதிய அணுக்களைச் செய்து மாளாமையால் இரத்தச்சோகை நிலைத்துவிடுகிறது. ‘சோகை’ என்றவுடன் நம் வீடுகளில் இரும்புச்சத்து டானிக் வாங்கி ஊற்றுவது வழக்கம். இந்நோய்க் குழந்தைகளுக்குப் பரிசோதித்து இரும்புக் குறைவு இருப்பதாக டாக்டர் சொன்னாலன்றி அதைக் கொடுக்கலாகாது. அவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது ஃபோலிக் அமில மாத்திரை.

இந்த அணுவை முதன்முதல் கண்ட கதை, ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்குச் சற்றே நெருக்கமானது. கரீபியக் கடலில் உள்ள கிரெனடாத் தீவிலிருந்து வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற வாலிபர் பல் மருத்துவம் படிக்கச் சிகாகோ நகருக்குப் போனார். 1904ஆம் ஆண்டின் இறுதியில், குளிர் மிகுந்த அந்த நகரில் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவருடைய இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ், நீண்டு வளைந்த அணுக்களைக் கண்டார். அவருடைய மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதனை வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்து, ஊர் திரும்பித் தொழில் நடத்தி, 1916இல் தமது 32ஆம் வயதில் நுரையீரல் அழற்சியால் காலமானார். 1949இல் லினஸ் பாலிங் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் கோளாறு ஹீமோகுளோபினில்தான் என்று நிறுவினார்கள். சில ஆண்டுகளில் வெர்னன் இங்க்ராம் என்பவர், அந்தப் பெரிய பொருளில் ஒரே ஒரு கண்ணிதான் மாறியிருக்கிறது என்று காட்டினார். பல நூறு கண்ணிகளில் ஒரு கண்ணி!

நம் தேசத்தில் இந்நோயின் அடையாளம் முதன்முதல் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது என்று அன்பர்கள் நினைக்கிறீர்கள்? நம் குடியிருப்பில் பலர் இதனை ‘இவ்வூர்க்காரர்களின் வியாதி’ என்றே பேசுகிறார்கள். இன்னும் சிலர் சாதியின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்ற இருவர் இதைக் கண்டது நம் நீலகிரியில். இருளர் முதலிய மலைவாழ் மக்களிடையே. அதே 1952இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிகளிடமும் காணப்பட்டது. விதர்ப்பத்திலும் சத்தீஸ்கரிலும் ஒரிஸாவிலும் குஜராத்திலும் ஆதிவாசிகளிடமும் மற்றப் பல சமூகத்தாரிடமும் மிகுதியாக இருப்பது பின்னர் தெரிந்தது. நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசிகளுக்கென நடக்கும் ஆஸ்பத்திரியில் இன்றும் பணியர் முதலிய குடிகளைச் சேர்ந்த இந்நோயாளர்கள் சிகிச்சை பெறுகிறார்கள். ஆகவே ‘அவர்கள் வியாதி’ என்று சொல்ல நமக்கு வாயில்லை.

சில பகுதிகளில் மட்டும் ஏன் மிகுதி என்பதற்கு 1954இல் ஆன்டனி அல்லிசன் விடை கண்டார். தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குறியைப் பெற்றவர்கள் நோயாளர் ஆவதில்லை. வெறுமனே குறியைச் சுமப்பவர்கள் அவர்கள். கடுமையான மலேரியா அவர்களை எளிதில் கொல்வதில்லை. காடும் கொசுவும் மிகுந்த பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிழைத்துப் பெருகினார்கள். ஒரு கொள்ளை நோயிலிருந்து உயிரைக் காத்த அதே குறி, இருபுறமிருந்தும் வந்து சேர்ந்துவிட்டால் குழந்தையை வாட்டுகிறது. நோயே உடையவர்களுக்கு மலேரியாவும் ஆபத்து. கொசுவலை அவர்களுக்கு அவசியம்.

நிற்க. அன்றிரவு அந்தத் தாயார் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பையனுக்கு ஒரு தமக்கை இருந்தாளாம். மூன்று வயதில், ஒரு நாள் மாலை காய்ச்சல் வந்தது. வயிறு இடப்புறம் உப்பியது. குழந்தை வெளுத்துச் சோர்ந்து விடிவதற்குள் போய்விட்டது. திருஷ்டி என்றார்கள். மாமியார், ‘உன் வயிற்றின் குற்றம்’ என்றாராம். எத்தனையோ ஆண்டுகளாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டிருந்தவர், டாக்டர் அம்மாளிடம் அதைத்தான் முதலில் கேட்டார்: “என் குற்றமா?”

டாக்டர் அம்மாள் சொன்ன விடையை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். தாயும் தந்தையும் இருவருமே குறியைச் சுமப்பவர்களாக இருந்தால் மட்டுமே இவ்வாறு நேர்கிறது. இருவர் பங்கும் சரிபாதி. ஒவ்வொரு கருவும் புதிதாகக் குலுக்கிப் போடும் சீட்டு. நாலில் ஒரு பங்கு நோய். நாலில் இரண்டு பங்கு குறியை மட்டும் சுமத்தல். நாலில் ஒரு பங்கு ஒன்றுமில்லாமை. ஒரு குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. அந்தப் பெண் குழந்தையின் முடிவும் திருஷ்டியன்று. மண்ணீரலில் இரத்தம் திடீரெனத் தேங்கிவிட்டால் மணி நேரங்களில் உயிர் போகும். ஜமெய்க்காத் தீவில் தாய்மார்களுக்கே குழந்தையின் வயிற்றை இடப்புறம் தொட்டுப் பார்த்து மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று அறியக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் பல குழந்தைகள் காப்பாற்றப்பட்டன. மருந்தில்லை, கருவியில்லை, தாயின் கைவிரல் மட்டும். டாக்டர் அம்மாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தாயார் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்பொழுது பராமரிப்பு. நம் வாசகர் வீடுகளில் இந்நோய் இல்லாதிருக்கலாம். ஆனால் வீட்டுவேலைக்கு வரும் அம்மாளின் குழந்தைக்கு, நம் பிள்ளையின் வகுப்புத் தோழனுக்கு இருக்கக்கூடும். தெரிந்து வைத்திருந்தால் சமயத்தில் உதவும்.

பிறந்து ஆறு மாதம் வரையில் ஒன்றும் தெரியாது. கருவில் இருந்தபோது இருந்த வேறுவகை ஹீமோகுளோபின் குழந்தையைக் காத்துக்கொண்டிருக்கும். அது குறையக் குறைய நோய் தலைகாட்டும். கையும் காலும் புறங்களில் வீங்கிக் குழந்தை வீறிட்டு அழுவது பெரும்பாலும் முதல் அடையாளம். இந்நோயில் மண்ணீரல் இளமையிலேயே கெட்டுவிடுவதால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. ஆகவே, குழந்தைக்கு ஐந்து வயதாகும் வரையில் நாள்தோறும் இருவேளை பெனிசிலின் கொடுக்கச் சொல்கிறார்கள். 1986இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதன் பயனை ஐயமற நிரூபித்தது. நிமோனியாவைத் தடுக்கும் தடுப்பூசி நம் அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் 2021 முதல் நாடு முழுவதும் இலவசமாகப் போடப்படுகிறது. இதைத் தவறவே விடலாகாது.

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அன்றே, அப்பொழுதே ஆஸ்பத்திரி. மார்பு வலியும் மூச்சுத்திணறலும், திடீர் வெளிறல், வயிற்று வீக்கம், வாய் கோணல், ஒருபுறக் கைகால் துவளுதல், கடுந்தலைவலி இவற்றுள் எது கண்டாலும் அவ்வாறே. இந்நோய் சிறு குழந்தைக்கும் பக்கவாதத்தைக் கொடுக்கவல்லது என்பதைப் பலர் அறியார். வயது ஏற ஏற இடுப்பு மூட்டு தேய்வதும், பித்தப்பையில் கல் சேர்வதும், சிறுநீரகமும் கண்ணும் பழுதுறுவதும் உண்டு. வலி இல்லாத மாதங்களிலும் பரிசோதனைக்குப் போய் வர வேண்டும் என்பது இதனால்தான்.

வலியை வரவழைப்பவை தாகம், குளிர், அளவுமீறிய உழைப்பு, காய்ச்சல். நாகபுரியின் மே மாதத்து வெயிலையும் டிசம்பர் இரவையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். எந்நேரமும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலேசான வலிக்கு டாக்டர் சொன்ன மாத்திரையும் வெதுவெதுப்பான ஒத்தடமும் போதும். பனிக்கட்டி வைக்கவே கூடாது. மாத்திரைக்கு அடங்காத வலிக்கு ஆஸ்பத்திரியில் அதைவிட வலிய மருந்து உண்டு. கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

தண்ணீர் என்றதும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்நோயாளர்களின் சிறுநீரகத்தால் நீரை இறுத்து வைக்க முடிவதில்லை. நிறையக் குடிக்க வேண்டும்; அடிக்கடி வெளியே போகவும் வேண்டும். படுக்கையை நனைப்பதும் இதனாலேயே. நம் பையனை ஆசிரியர் ஒருவர் வகுப்பில் தண்ணீர் குடிக்கவும் விடவில்லை, வெளியே போகவும் விடவில்லை. ‘ஏய்க்கிறான்’ என்று அவரும் குறிப்பு எழுதியிருந்தார். அவர்மீது கோபங்கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஒரே மையில் எழுதியவர்கள் நாம் இருவரும். நம் இல்லத்தரசி பையனின் தாயாரை, “வாருங்கள் வஹினி” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். தலைமையாசிரியரிடம் டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டினார். அதன் பிறகு பையனின் மேஜைமேல் ஒரு தண்ணீர்ப் புட்டி இருக்க அனுமதி கிடைத்தது. சின்னச் சங்கதிதான். ஆனால் அந்தப் பருவத்தில் பையன் பள்ளிக்குப் போகாத நாட்கள் குறைந்தன.

பெரிய மாறுதல் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தால் வந்தது. கருவில் இருந்த காலத்து ஹீமோகுளோபினை மீண்டும் ஓரளவு சுரக்கச் செய்யும் மருந்து அது. 1995இல் அமெரிக்காவில் முடிவு வெளியான ஆராய்ச்சியில், இதை உட்கொண்டவர்களுக்கு வலி வரும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் ஆணும் பெண்ணும் டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். வலி இல்லாதபோது மருந்து எதற்கு என்று நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. வேரோடு நீக்கும் சிகிச்சைகளும் இல்லாமல் இல்லை. பொருத்தமான உடன்பிறந்தார் இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றலாம். மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர் என்று படித்தோம். கேங்மேன் குடும்பத்திற்கு அது கதை. பெனிசிலினும் தண்ணீரும் ஹைட்ராக்ஸியூரியாவும் நிஜம்.

இனிக் கல்யாண விஷயம். நம் சங்கக் குடும்பங்களிலும் இவ்வூர்ச் சம்பந்தங்கள் நடக்கின்றன. நடப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. 2023 ஜூலை முதல் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதம மந்திரி இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 17 மாநிலங்களில், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம்; 2047க்குள் ஒழிப்பது குறிக்கோள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து முதலில் பார்க்கிறார்கள். ஐயமிருந்தால் நுட்பமான பரிசோதனையால் உறுதி செய்து, அவரவர் நிலையைக் குறித்த அட்டை கொடுக்கிறார்கள். ஜாதகத்தைப் பார்க்கிறவர்கள் இந்த அட்டையையும் பார்க்கலாம். ஆனால் அட்டையைச் சரியாகப் படிக்க வேண்டும். குறியைச் சுமக்கும் ஒருவர், குறியே இல்லாத ஒருவரை மணந்தால் குழந்தைக்கு இந்நோய் வராது. இதை அறியாமல், ‘சுமப்பவள்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பெண்ணை வேண்டாமென்று சொன்ன வீட்டையும் நாம் அறிவோம். பிள்ளையின் இரத்தத்தை அவர்கள் பரிசோதிக்கவே இல்லை! மற்றொன்று: தலசீமியா என்ற வேறொரு குறியைச் சுமப்பவரும் அரிவாளணுக் குறியைச் சுமப்பவரும் மணந்தாலும் குழந்தைக்கு நோய் வரலாம். ஆகவே இருவருக்கும் முழுப் பரிசோதனை அவசியம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம் கேங்மேனுக்கே நாம் சொல்லித்தான் தெரிந்தது. சங்கத்தின் சார்பில் இரத்ததானம் செய்யும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டி வரும் குழந்தைகள் இவ்வூர் ஆஸ்பத்திரிகளில் பலர் இருக்கிறார்கள். அடுத்த முறை படுக்கையில் கையை நீட்டும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று காலை, ரோந்து முடிந்து வந்த தகப்பனார் நேரே நம் வீட்டு வாசலுக்கு வந்தார். ‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று நாம் சொல்லத் தொடங்குமுன், “பாபுஜி, இரவெல்லாம் விழித்தீர்களாமே” என்று அவர் கைகூப்பிவிட்டார். சொல்ல வந்தது நம் தொண்டையிலேயே நின்றது. பின்னர் ஒரு நாள் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் முதலில் சந்தேகம் இருந்தது பாபுஜி, ஒரு தடவை பையனை அடித்துக்கூட இருக்கிறேன்” என்றார். மேலிடத்தில் நம் குறிப்பைத் திரும்பப் பெறும் வழி இல்லை என்றார்கள். எனவே புதிதாக ஒரு குறிப்பு எழுதி, டாக்டரின் தாளையும் இணைத்து, பழையதன்மேல் வைத்தோம். அதன் பிறகு அவருடைய விண்ணப்பங்கள் வரும்போதெல்லாம் அந்தத் தாளின் எண்ணை ஓரத்தில் எழுதியே அனுப்பி வருகிறோம். பையன் இப்பொழுது மேல் வகுப்பில் படிக்கிறான். ஹைட்ராக்ஸியூரியா உட்கொள்கிறான், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை படுக்கிறான். சங்கராந்திக்கு நம் வீட்டு மாடியில்தான் பட்டம்.

கடிதம் எழுதிய அம்மையாருக்கு: குழந்தைகள் ஒரே தட்டில் தின்னட்டும். ஓடிப்பிடித்து விளையாடும்போது அந்தப் பெண் களைத்து உட்கார்ந்தால் ‘எழுந்திரு’ என்று இழுக்க வேண்டாம் என்று உங்கள் குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள். விளையாட வரும்போது ஒரு செம்புத் தண்ணீர் திண்ணையில் இருக்கட்டும். குளிர்கால மாலைகளில் வாசலைவிட உங்கள் வீட்டுக் கூடத்தில் விளையாடுவது அவளுக்கு நல்லது. அவளுடைய தாயாரிடம், பெனிசிலினும் தடுப்பூசியும் முறையாக ஆயினவா, ஹைட்ராக்ஸியூரியாவைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு நாள் காப்பி கொடுத்துக்கொண்டே விசாரித்துப் பாருங்கள். விவரம் தேவையென்றால் இப்பகுதிக்கு மறுபடியும் எழுதுங்கள். நம் இல்லத்தரசி நேரில் வரத் தயாராயிருக்கிறார்.